இருநூற்றுத் தொண்ணூறில் நிறுத்து

தைபே
அக்டோபர் 12, 2008

போயென்,

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை. உன் தீவிலிருந்து நாலு முறை போன் வந்தது. நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற இருபது சிப்பாய்களும் நம் சண்டையைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அதனால் எதுவானாலும் எழுது. கடிதத்தில் கத்த முடியாது.

கீலுங் துறைமுகத்தில் நான் வான்கூவர் என்று சொன்னதும் நீ பையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறிப் போனாயே, திரும்பிக்கூடப் பார்க்காமல். உனக்கென்று வாங்கி வைத்திருந்த சாப்பாட்டை நானே அங்கே நின்று தின்றேன். இரண்டு பேர் சாப்பாடு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

இப்போது எழுதுவது மெஷினுக்காக. உன்னுடைய பழைய பிராசசரைப் போட்டு நீ எனக்குக் கட்டிக்கொடுத்த அதே மெஷின்தான். என் குடை அனிமேஷன் படத்தில் என் வேலை முடியப்போகிறது. மெட்ரோவில் மறந்துபோன பச்சைக் குடை, கடைசி நிலையம் வரை போய், தனியாக வீடு திரும்புகிற கதை. ஆறு நிமிடம். இனி மெஷின் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக வரைந்து தள்ள வேண்டும். நவம்பர் ஆறாம் தேதி தொடங்கலாம். ஜனவரி ஐந்துக்குள் விண்ணப்பத்தோடு தபாலில் போட்டால்தான் வான்கூவர் அனிமேஷன் பள்ளிக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். கையில் இருப்பது அறுபது நாள். இந்த வேகத்தில் மெஷினுக்கு வேண்டியது எழுபத்திரண்டு நாள்.

பிராசசரை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டலாம் என்று நீ வாய் ஓயாமல் சொல்வாய், நான் கேட்காமல் நகத்துக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருப்பேன். இப்போது கேட்கிறேன். ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி சொல். எதையும் எரித்துவிடாமல் எப்படிச் செய்வது?

பெய்லான்


டோங்யின் தீவு
அக்டோபர் 21, 2008

பெய்லான்,

வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டது. மூன்று நாள் கப்பல் வரவில்லை. உன் கடிதம் கீலுங்கிலேயே கிடந்து வந்தது. காவல் கொட்டகையில் வைத்து ஐந்து முறை படித்தேன். சாப்பாட்டைத் தின்ற இடத்தை மட்டும் ஏழு முறை.

திரும்பிப் பார்க்காமல் போனதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. பார்த்திருந்தால் கப்பல் ஏறியிருக்க மாட்டேன். கட்டாயப் படைச்சேவையை விட்டு ஓடியவன் என்று பிடித்திருப்பார்கள். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வாயோ சாக்கு என்று எடுத்துக்கொள்வாயோ, உன் இஷ்டம்.

சரி, மெஷின். முதலில் படத்தின் வேலை அனைத்தையும் டிஸ்க்கில் பிரதி எடுத்து வை. அதைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதே. பிறகு பெட்டியைத் திற, தூசியைத் தட்டு. பிராசசர் மேல் இருக்கிற காற்றாடியைக் கழற்றி, பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, புதுப் பேஸ்ட் வை. ஒரே ஒரு பச்சைப்பயறு அளவு. பல் தேய்க்கிற மாதிரி பிதுக்காதே.

மெஷினை ஆன் செய்ததும் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இரு, நீலத் திரை வரும். அதில் 266 என்று ஓர் எண் இருக்கும். அதைத்தான் ஏற்ற வேண்டும். பத்துப் பத்தாக. ராம் மெமரியின் வேகத்தை முதலிலேயே ஒரு படி இறக்கி வைத்துவிடு, இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஏறும். வோல்டேஜைத் தொடாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று கடவுளுக்கும் தெரியாது. வெப்பம் எழுபது டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறங்கி வா. திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் பயப்படாதே. வயரைப் பிடுங்கிவிட்டு, உள்ளே நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அதை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வை. திரும்பப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு பத்துக்கும், நான் உனக்குப் போட்டுத் தந்த சோதனை நிரலை ஓடவிடு. இரண்டு முழு நாள். இரண்டு நாளும் பிழை இல்லாமல் ஓடினால்தான் அடுத்த பத்து. இதில் அவசரம் வேண்டாம்.

கடைசியாக, பச்சைப் பொட்டலம். மெஷின் ஓடுகிற இடத்திலெல்லாம் நம் ஊரில் வைப்பார்களே, 'சொன்னபடி கேள்' என்று பெயர் போட்ட சோளப்பொரிப் பொட்டலம், அதைப் பச்சையில்தான் வாங்க வேண்டும். மஞ்சள் வாங்கினால் மெஷின் மக்கர் பண்ணும். தேதி முடியாததாகப் பார். மெஷின் மேல் வை. வேலையில் இருக்கிற பொட்டலத்தை யாரும் தின்னக் கூடாது. சிரிக்காதே. இங்கே ரேடார் அறையிலேயே மூன்று இருக்கின்றன, தேதி பார்த்து மாற்றுவது மேஜரின் பொறுப்பு.

வான்கூவரில் எத்தனை வருஷம்? போனால் எப்போது வருவாய்?

போயென்


தைபே
நவம்பர் 3, 2008

போயென்,

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பூனையே செய்கிற அளவுக்குத் தூசி. பேஸ்ட் என் மூக்கில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அதோடு வகுப்புக்குப் போய்வந்திருக்கிறேன், ஒருத்தியும் சொல்லவில்லை. பச்சைப்பயறு அளவு சரியாக வருவதற்கு மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது. அம்மா சமையலறையிலிருந்து நிஜப் பயறு ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதல் முறை 276 வைத்துவிட்டு ஆன் செய்தேன். ஓடியது. இரண்டு நாள் சோதனை. பிறகு 286. அதற்கும் இரண்டு நாள். வெப்பம் 52. ஒரு பிழை இல்லை. நீ சொன்னபடி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். உன் மேல் இருக்கிற கோபத்தை மறந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் என் மெஷின் வேகத்தைப் பற்றிப் பெருமை அடித்துவிட்டு வந்தேன்.

பொட்டலமும் வாங்கியாயிற்று. பெட்டியின் உச்சியில் காற்றுப் போகிற ஓட்டைகள் இருக்கின்றனவே, அதன் மேல் நட்டநடுவில் வைத்திருக்கிறேன், சாமிக்குப் பழம் வைத்த மாதிரி. அம்மா பார்த்துவிட்டு, "இது என்னடி, கம்ப்யூட்டரா கோயிலா?" என்றாள். அப்புறம் அவளே போய் ஒரு ஊதுவத்தி கொண்டு வந்தாள். அதை மட்டும் தடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு நாள் அவசியமா? சோதனை ஓடும்போது மெஷினில் படத்தின் மிச்ச வேலையைச் செய்ய முடியவில்லை. நாள் கரைகிறது. நான் தயங்கி நிற்க வேண்டிய இடம் எது, தாண்ட வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ சொல்கிற எண்ணில் நிற்பேன்.

இரண்டு வருஷம். விடுமுறைக்கு வருவேன். உன்னை விட்டுப் போகவில்லை, போயென். படிக்கப் போகிறேன். துறைமுகத்தில் இதைத்தான் சொல்ல வந்தேன். நீதான் கேட்கவில்லை.

பெய்லான்


டோங்யின்
நவம்பர் 12, 2008

பெய்லான்,

இரண்டு நாள் அவசியம். மெஷின் மேலுக்குச் சும்மா ஓடுகிற மாதிரிதான் தெரியும், உள்ளே நொந்துகொண்டிருக்கும்.

இப்போது இருக்கும் இடத்திலிருந்து இன்னும் நாலு மட்டும் ஏற்று. 290. அங்கே நிறுத்து. அதற்கு மேல் அந்தப் பிராசசர் தாங்காது. அது என் பழைய பிராசசர், அதன் குணம் எனக்குத் தெரியும். பலவீனமான ஒன்று. மேலே போனால் எரிந்துவிடும், உன் படமும் சேர்ந்து போய்விடும். 290 பத்திரம்.

எங்கள் அறையில் குவோ என்று ஒருவன், டாய்நானில் பழக்கடைக்காரர் மகன். போன வாரம் அவனுக்குக் கடிதம் வந்தது. நாலு வருஷம் பழகிய பெண். நாலே வரி. காதலனைப் படைக்கு அனுப்பிவிட்டு ஊரில் பெண் வேறு பக்கம் போனால் இங்கே அதற்குக் கலகம் என்று பெயர். கலகம் நடந்த வீட்டுக்காரனுக்கு அறையில் எல்லோரும் சேர்ந்து நூடுல்ஸ் வாங்கித் தர வேண்டும், மேலே இரண்டு முட்டை. அது வழக்கம். குவோ முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சார்ஜென்ட் வந்து, "அழுவுறதுனா இப்பவே அழுது முடிச்சிரு. நாலு மணிக்குத் துப்பாக்கி துடைக்கணும்" என்றார். மோசமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

எனக்கு இரண்டு வருஷத்தை எண்ணத் தெரியவில்லை, பெய்லான். இந்தப் பாறையில் ஒரு வாரத்தையே எண்ண முடியவில்லை.

இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷமும் அந்தப் பள்ளி இருக்கும்தானே?

போயென்


தைபே
நவம்பர் 24, 2008

போயென்,

290இல் நிறுத்தினேன். நீ சொன்ன மாதிரி.

பிறகு கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் முதல் நாளிலிருந்தே ஓடியிருந்தாலும் ஆறு நாள் தாமதம். சோதனைக்குப் போன நாட்களையும் சேர்த்தால் இன்னும் மோசம். காலி ரயில் பெட்டியில் குடை தானாக விரிகிற காட்சி உனக்குப் பிடிக்குமே, அதை வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மனசு வரவில்லை. சனிக்கிழமை குவாங்ஹுவா சந்தைக்குப் போனேன், வேறு பிராசசர் ஏதாவது கிடைக்குமா என்று கேட்க. மூன்றாவது மாடியில் மெய் அக்கா கடை, உனக்குத் தெரியும். என் நோட்டை நீட்டி, நான் இதுவரை செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள்.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொன்னது? படிக்குப் படி ரெண்டு நாளா? ஏறும்போது அரை மணி நேரம் ஓட்டிப் பாத்தா போதும். கடைசியா நிக்கிற இடத்துலதான் ஒரு நாள் முழுக்க ஓட்டணும். இந்தப் பிராசசர 333 வரைக்கும் டீ குடிச்சுக்கிட்டே ஏத்தலாமே."

நான் உனக்காகச் சண்டை போட்டேன். இது பலவீனமான பிராசசர், அவனுக்கு இதன் குணம் தெரியும் என்று கடையில் நின்று வாதாடினேன். வீட்டுக்கு வந்து, நீ என்னிடம் விட்டுப்போன வயர்ப் பெட்டியைக் கவிழ்த்தேன், அவளிடம் காட்ட ஏதாவது அத்தாட்சி கிடைக்குமா என்று. அடியில் உன் நோட்டுப் புத்தகம் இருந்தது. இதே பிராசசர். உன் கையெழுத்து. "333. 61 டிகிரி. 22 மணி நேரம். சுத்தம்." அதற்குக் கீழே ஒரு சிரிப்பு முகம் வேறு.

அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன்.

நீ பயந்து சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். மறந்து சொல்லியிருந்தாலும். நீ கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறாய். அறுபது நாளில் எது முடியும், எது முடியாது என்று பார்த்துவிட்டு, முடியாத எண்ணை எனக்குத் தந்திருக்கிறாய். பத்திரம் என்று ஒரு வார்த்தையையும் அதன் மேல் வைத்து.

இன்று முதல் மிச்சம் நாற்பத்திரண்டு நாள். மிச்ச வேலை, பழைய 266 வேகத்தில், ஐம்பத்தெட்டு நாள். இப்போது உன் 333 வைத்தாலும் நாலு நாள் இடிக்கிறது. எனக்கு 370 வேண்டும். வோல்டேஜைத் தொடாமல் அது வராது என்று இணையத்தில் போட்டிருக்கிறது. தொடப்போகிறேன்.

பெய்லான்


டோங்யின்
டிசம்பர் 3, 2008

பெய்லான்,

ஒத்துக்கொள்கிறேன். 290 பொய். இரண்டு நாளும் பொய். உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே கணக்குப் போட்டேன். முதல் பொய்யை எழுதும்போது, இது பொய் இல்லை, கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாவதை எழுதும்போது அப்படிக்கூடச் சொல்லவில்லை. நீ போய்விடுவாய் என்கிற பயம். வேறு காரணம் இல்லை.

என்னைத் திட்டு. ஆனால் இனி எழுதுவதை நம்பு. இதில் பொய் இல்லை.

என் நோட்டில் இருக்கும் 333, என்னுடைய பழைய மதர்போர்டில் ஓட்டியது. உனக்கு நான் போட்டுத் தந்தது மலிவான போர்டு. பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பகுதியில் சூட்டை இறக்க உலோகத் தகடு கிடையாது. 333 தாங்கும். 370ஐயும் அதற்கு வேண்டிய வோல்டேஜையும் வாரக்கணக்கில் தாங்காது. 333 வை. ஒரு நாள் முழுக்கச் சோதனை போடு. இடிக்கிற நாலு நாள் வேலையை மட்டும் பிரித்து வேறு ஒரு மெஷினில் கொடு. மெய் அக்கா கடையில் பத்து மெஷின் சும்மா கிடக்கும். கேட்டால் தருவாள். அவ்வளவுதான், பெய்லான். முடிந்துவிடும். நீ போகலாம்.

இன்னொன்று. உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். நவம்பர் மூன்றாம் தேதி எழுதியதில், பொட்டலத்தை மேல் ஓட்டைகள் மேல் நட்டநடுவில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். முதல் முறை படித்தபோது நான் என் பொய்யை ஜோடித்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. அந்த வழியாகத்தான் சூடு வெளியேறும், அதற்கு நேர் கீழேதான் நான் சொன்ன அந்தப் பகுதி. மெஷின் மேல் வை என்று மட்டும் எழுதி, ஓட்டைகளை மறைக்காதே என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. உடனே எடு. கீழே மேஜை மேல் வை. அங்கிருந்தாலும் மெஷின் சொன்னபடி கேட்கும்.

மூன்று நாளாக வரிசையில் நின்று போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. எடு, ஒரு நிமிடம் போதும்.

போயென்


தைபே
டிசம்பர் 22, 2008

போயென்,

வெள்ளிக்கிழமை காலை சோயாப்பால் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். தீய்ந்த நாற்றம். மெஷின் நின்றுபோயிருந்தது. பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்தேன், நீ சொன்ன மாதிரி. பத்து நிமிடம் வைத்தேன். அரை மணி நேரம் வைத்தேன்.

பெட்டியோடு தூக்கிக்கொண்டு டாக்ஸியில் மெய் அக்காவிடம் போனேன். அவள் திறந்து பார்த்தாள், நீ சொன்ன அதே பகுதி. கருகிப் பழுப்பாக இருந்தது. பிராசசர் பிழைத்துக்கொண்டது. டிஸ்க்கும் பிழைத்தது. அதில் இருந்த படங்களைத் திறந்து பார்த்தோம். 370 வைத்த நாளுக்குப் பிறகு வரைந்ததில் பாதிக்கு மேல் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. சில படங்களில் குடையே இல்லை. நான் சோதனையே போடவில்லை. சோதனை என்பது நீ என் நாட்களைத் தின்பதற்குக் கண்டுபிடித்த ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

உன் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. தாமதமாக வந்தது என்று எழுதினால் நம் இரண்டு பேருக்கும் சுலபமாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. வாசலில் நின்றே படித்தேன். அப்போது மெஷின் 79 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. மலிவு போர்டு என்று படித்தபோது, இதோ அடுத்த கதை என்று நினைத்தேன். பொட்டலத்தை எடு என்று வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா இருக்கிற பொட்டலத்தைக்கூட விடமாட்டான் போலிருக்கிறது என்று. கடைக்குப் போய் இன்னொரு பச்சைப் பொட்டலம் வாங்கி வந்து, அதன் பக்கத்திலேயே வைத்தேன். ஓட்டை ஒன்று மிச்சம் இல்லாமல்.

பெட்டி மேலேயே இருந்த அந்த இரண்டு பொட்டலத்தையும் மெய் அக்கா கையில் எடுத்துப் பார்த்தாள். ஒன்று சூட்டில் ஊதி, அடிப்பக்கம் இளகிப்போயிருந்தது. "இத எடுக்கச் சொல்லி உனக்கு யாருமே சொல்லலியா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னான் அக்கா என்றேன். அதன் பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

இப்போது புது போர்டு போட்டாலும் கடைசி நாளுக்குள் முடியாது. நான் இந்த வருஷம் வான்கூவர் போகவில்லை.

ஆக, நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. நான் தைபேயில்தான் இருக்கப்போகிறேன். உன்னோடு இல்லை. யாரோ ஒருத்தன் வந்துவிட்டான் என்று உன் அறையில் பேசுவார்கள், அப்படி யாரும் இல்லை என்று சொல். தீப்பிடித்திருக்கிறது ஓடிவா என்று நீ கத்தினாலும் முதலில் இது நிஜமா என்று யோசிக்கிற ஆளாக நான் ஆகிவிட்டேன். அப்படி ஒருவரோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது?

உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நிறைய அழுதுவிட்டேன். போர்வை போர்த்திக்கொள். அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள்.

பெய்லான்


டோங்யின்
ஜனவரி 6, 2009

பெய்லான்,

ஒன்பது நாள் கப்பல் இல்லை. உன் கடிதம் நேற்று வந்தது. நேற்று ஜனவரி ஐந்து. நீ தபால் ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டிய நாள்.

அறையில் யாரிடமும் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். நூடுல்ஸ் வந்தது. இரண்டு முட்டை. குவோதான் கொண்டு வந்தான், "சாப்டு அண்ணே, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றான். எனக்கு இது சேராது என்றேன். "கலகம் பண்ணது அவ இல்லடா. நான்." அவனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுக்க அவனே தின்றான். எழுந்து போகாமல் கூடவே இருந்தான்.

உன்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. என் மேல் இருப்பதைவிட உன் மேல்தான் உனக்குக் கோபம் இருக்கும், அந்த இரண்டாவது பொட்டலத்துக்காக. அதை விட்டுவிடு. அதை வைத்தது நீ. வைக்க வைத்தது நான்.

என்றைக்காவது புது போர்டு வாங்குவாய். அன்றைக்கு வேண்டியது: சூடு இறக்கும் தகடு இருக்கிற போர்டாகப் பார்த்து வாங்கு. பயறு அளவு பேஸ்ட். ராமை இறக்கி வை. 266லிருந்து பத்துப் பத்தாக, படிக்கு அரை மணி நேரம். ஒரே நாளில் ஏறிவிடலாம். 333இல் நில். வோல்டேஜ் தேவைப்பட்டால் ஒரு சிறு படி, 1.35க்கு மேல் ஒருபோதும் வேண்டாம். நின்ற இடத்தில் ஒரு நாள் முழுக்கச் சோதனை. எழுபது டிகிரி தாண்டினால் இறங்கிவிடு. மேலே எதையும் வைக்காதே.

நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். மெய் அக்காவிடம் காட்டிச் சரிபார்.

ஜூனில் என்னை விடுவிப்பார்கள். அம்மா வீட்டுக்கு, டாய்ச்சுங் போய்விடுவேன். உன் தெருப்பக்கம் வரமாட்டேன்.

போயென்


தைபே
ஜூலை 21, 2009

போயென்,

உன் அம்மா வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். நலமாக வந்து சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

மே மாதம் வேறு போர்டு வாங்கினேன், யாரோ பயன்படுத்திய பழைய போர்டுதான், தகடு இருக்கிறது. உன் கடைசிக் கடிதத்தை மெய் அக்காவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "ஒரு வார்த்த தப்பு இல்ல. இவ்ளோ தெளிவா யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாள். தெரிந்தவன் என்றேன்.

ஒரு மதியத்துக்குள் 333 வந்துவிட்டது. நான் டீ கூடக் குடித்தேன். பிறகு ஒரு நாளுக்கு இரண்டு நாளாகச் சோதனை ஓட்டினேன். நீ சொன்னதற்காக இல்லை, இனி எனக்கு எதையும் அப்படித்தான் நம்ப முடிகிறது. படம் நேற்று முடிந்தது. காலி ரயில் பெட்டியில் குடை விரிகிற காட்சியை வெட்டவில்லை. இந்த வருஷம் முன்கூட்டியே அனுப்பப்போகிறேன்.

உன் நோட்டுப் புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. உன் வரிக்குக் கீழே என் வரியையும் எழுதியிருக்கிறேன், பார். "333. 61 டிகிரி. 48 மணி நேரம். சுத்தம்." அதே 61, போயென். ஒரு டிகிரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் மறுபடி அழுகை வந்தது. அந்த இரண்டு பொய்யை எடுத்துவிட்டால் நீ எனக்குச் சொன்னதெல்லாம் உண்மை. துறைமுகத்தில் திரும்பிப் பார்க்காததற்குச் சொன்ன காரணம் உள்பட. இப்போது நம்புகிறேன். நம்பி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இளகாமல் தப்பிய பொட்டலத்தை மேஜை மேல் வைத்திருந்தேன். அதற்கு ஜூலை இருபது வரை தேதி. வேலையில் இருக்கிற பொட்டலத்தைத் தின்னக் கூடாது என்று நீதான் சொன்னாய். அதன் வேலை நேற்றோடு முடிந்தது. இன்று காலை பிரித்தேன். நமுத்துப் போயிருந்தது. துறைமுகத்தில் தின்ற மாதிரியே நின்றுகொண்டு, ஒன்று மிச்சம் வைக்காமல் தின்றேன்.

பதில் எழுத வேண்டாம்.

பெய்லான்